பங்க் பக்கத்துக் கிணற்றில் பெட்ரோல் வாசம்: மழைக்குப் பிறகு போய்விட்டது, தண்ணீரைக் குடிக்கலாமா?

#1 மேட்டுத்தோட்டம்

வணக்கம். நாமக்கல் மாவட்டம், மெயின் ரோட்டை ஒட்டிய ஊர். வீட்டுக் கிணறு 55 அடி, தாத்தா காலத்தில் வெட்டியது. மேலே பத்துப் பன்னிரண்டு அடி செம்மண்ணும் சுக்காம்பாறையும், அதற்குக் கீழே முழுப் பாறை. ரோட்டுப் பக்கம் சுமார் 40 மீட்டர் தள்ளி ஒரு பழைய பெட்ரோல் பங்க் இருக்கிறது.

சித்திரையில் தண்ணீர் அடியில் போய்விட்டது. அப்போது மோட்டார் போட்டால் தொட்டியில் விழும் தண்ணீரில் பெட்ரோல் வாசம். விடிகாலையில் கிணற்றை எட்டிப் பார்த்தால், கிழக்கு மூலையில் ஊற்று வரும் வெடிப்புக்கு நேராக மட்டும் நிறம் நிறமாகப் படலம். வாளியில் மொண்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் வாசம் குறைந்துவிடும், ஆனால் கையில் ஒட்டிய வழவழப்பு சோப்புப் போட்டால்தான் போகும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு வாய் வைக்கவில்லை. அன்றிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான்.

பங்க்கில் போய்க் கேட்டோம். "எங்கள் ஸ்டாக் கணக்கு சரியாக இருக்கிறது, டேங்க்கில் ஓட்டை இருந்தால் கணக்கு உதைக்குமே, ரோட்டில் லாரி கழுவுகிற தண்ணீராக இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது மழையில் கிணற்றில் இருபது அடி தண்ணீர் ஏறியிருக்கிறது. வாசம் துளியும் இல்லை, படலமும் இல்லை. தண்ணீரை லேப்பில் கொடுத்ததில் டி.டி.எஸ்., கடினத்தன்மை, நைட்ரேட், புளோரைடு எல்லாம் பார்த்து "குடிக்க உகந்தது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கேன் செலவு மாதாமாதம் கையைக் கடிக்கிறது, மறுபடியும் கிணற்றுத் தண்ணீரையே எடுக்கலாம் என்கிறார் அம்மா. வீட்டில் தங்கையின் கைக்குழந்தையும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 காவிரிக்கரை

மழைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போயிருக்கும் நண்பரே. ஒரு முறை கிணற்றை அடிவரை இறைத்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி ஊறவிட்டுப் பாருங்கள். லேப்பே சரி என்று சொன்னபிறகு பயம் எதற்கு?

#3 பாறைநீர்

மேட்டுத்தோட்டம், தண்ணீரைக் குடிக்க வேண்டாம். கிணற்றை அடிவரை இறைக்கவும் வேண்டாம். காரணம் சொல்கிறேன். நிலத்தடி நீர் என் தொழில்.

பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. டேங்க்கிலிருந்தோ குழாயிலிருந்தோ கசிந்தால் மண்ணுக்குள் நேராகக் கீழே இறங்கும், நீர்மட்டத்தைத் தொட்டதும் அதற்கு மேல் பரவி மிதக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கும். இறங்கும் வழியெல்லாம் மண் துளைகளிலும் பாறை வெடிப்புகளிலும் ஒட்டிக்கொண்டே போகும். மழை வந்து நீர்மட்டம் ஏறினால், அப்படி ஒட்டியிருப்பதெல்லாம் தண்ணீருக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். மிதக்க முடியாததால் கண்ணுக்குப் படலம் தெரியாது. அடுத்த பங்குனி, சித்திரையில் தண்ணீர் இறங்கும்போது மறுபடி வழிந்து கிணற்றுக்கு வரும். நீங்கள் சொன்ன "கோடையில் வந்தது, மழையில் போனது" என்ற அடையாளம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. லாரி கழுவிய தண்ணீர் மேலிருந்து ஓடி வந்ததென்றால் மழையில்தான் அதிகம் தெரிய வேண்டும். உங்கள் கிணற்றில் நேர்மாறாக இருக்கிறது.

மழை கழுவிவிடும் என்பது எண்ணெய் தேய்த்த தலையை வெறும் தண்ணீரில் அலசுவது போலத்தான். பெட்ரோல் முழுதாகக் கழுவப்படாது. அதில் கரையக்கூடிய பகுதி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும். அப்படிக் கரைவதில் முக்கியமானது பென்சீன் என்ற நச்சுப் பொருள்.

காவிரிக்கரை சொன்ன பிளீச்சிங் பவுடர் கிருமிக்கு மருந்து, பெட்ரோலை ஒன்றும் செய்யாது. இறைப்பது அதைவிட மோசம். கிணற்றில் நீர்மட்டத்தைச் சடாரென்று இறக்கினால் சுற்றியுள்ள தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் உங்கள் கிணற்றை நோக்கி ஓடிவரும். பங்க் பக்கத்து எண்ணெயை நீங்களே இழுத்துக்கொள்வீர்கள். இறைத்த தண்ணீரை வயலில் விட்டால் அங்கேயும் பரவும்.

இன்னொன்று, இதுதான் எல்லாவற்றிலும் அவசரம்: யாரும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கிணற்றின் அடியில் தேங்கி நிற்கும். மயக்கம் போட்டு விழுந்தால் தூக்கப் போகிறவரும் விழுவார். படலம் உண்மையில் பெட்ரோல்தானா என்று பார்க்கத் தீக்குச்சி கிழித்துப் போடுகிற வேலையும் வேண்டவே வேண்டாம். மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் 1992 ஏப்ரல் 22 அன்று, குழாயிலிருந்து கசிந்த பெட்ரோல் பாதாளச் சாக்கடைக்குள் போய் ஆவி நிறைந்து வெடித்ததில் 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே தெருவில் பெட்ரோல் நாற்றம் என்று மக்கள் புகார் சொல்லியிருந்தார்கள்.

#4 டிப்ராடு

பங்க்கில் மேனேஜராகப் பல வருடம் வேலை பார்த்தவன். "ஓட்டை இருந்தால் கணக்கு உதைக்கும்" என்று அவர்கள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்புவார்கள். ஆனால் அந்த நம்பிக்கை சரியில்லை.

தினமும் காலையில் டிப் ராடைக் கழுவித் துடைத்து டேங்க்கில் விடுவோம். எத்தனை சென்டிமீட்டர் நனைந்திருக்கிறது என்று பார்த்து, சார்ட்டில் அதற்கு எத்தனை லிட்டர் என்று எடுத்து ரிஜிஸ்டரில் எழுதுவோம். நேற்றைய ஸ்டாக், வந்த லோடு, விற்ற மீட்டர் கணக்கு மூன்றையும் வைத்துக் கழித்தால் மிச்சம் வருவதுதான் வேரியேஷன். அது எந்த நாளும் சைபராக வராது. ஆவியாகப் போவது கொஞ்சம், வெயிலில் வந்த லோடு நிலத்தடி டேங்க்கில் குளிர்ந்து சுருங்குவது கொஞ்சம். ஒரு டிகிரி மாறினாலே ஆயிரத்தில் ஒரு பங்கு கூடும் அல்லது குறையும். 10,000 லிட்டருக்கு அது 10 லிட்டர். ராடில் ஒரு மில்லிமீட்டர் தப்பாகப் பார்த்தாலே பெரிய டேங்க்கில் பத்து லிட்டருக்கு மேல் மாறும். அதனால்தான் ஒரு குறிப்பிட்ட அளவு வரை வேரியேஷனை யாரும் கண்டுகொள்வதில்லை.

இப்போது கசிவைப் பாருங்கள். அமெரிக்காவில் டேங்க்கைச் சோதிக்கும்போது மணிக்கு 0.1 கேலன் கசிந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும் என்பது விதி. நம் கணக்கில் மணிக்கு சுமார் 380 மில்லி, ஒரு நாளைக்கு 9 லிட்டர். தினம் ஆயிரக்கணக்கில் விற்கும் பங்க்கில் இந்த 9 லிட்டர் வேரியேஷனுக்குள் காணாமல் போய்விடும். அதுவே வருடத்துக்கு 3,300 லிட்டர்! அவ்வளவும் உங்கள் ஊர் மண்ணுக்குள்.

அப்புறம் எல்லோரும் டேங்க்கையே சொல்கிறார்கள். குழாயைப் பாருங்கள். டேங்க்குக்குள் சப்மெர்சிபிள் மோட்டார் வைத்த பங்க் என்றால் டேங்க்கிலிருந்து டிஸ்பென்சர் (வண்டிக்கு எண்ணெய் போடும் மெஷின்) வரை குழாயில் அழுத்தத்தோடு எண்ணெய் போகும். மூட்டில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் நாசிலைத் தூக்கும்போதெல்லாம் மண்ணுக்குள் பீய்ச்சும். பழைய மாடலில் டிஸ்பென்சருக்குள்ளேயே பம்ப் இருக்கும், அது உறிஞ்சி எடுக்கும். அதில் குழாய் ஓட்டையானால் காற்றை இழுக்கும், பம்ப் சரியாக எடுக்காது, பையன்கள் "ஏர் பிடிக்குது" என்று உடனே சொல்லிவிடுவார்கள். உங்கள் பங்க் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

லோடு இறக்கும் இடமும் இருக்கிறது. டேங்கர் ஹோஸைக் கழற்றும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிந்தும். வருடக்கணக்கில் அதே இடத்தில் சிந்தினால் அந்த மண்ணே போதும்.

#5 மேட்டுத்தோட்டம்

பாறைநீர் சார், டிப்ராடு அண்ணா, இருவருக்கும் நன்றி. கிணற்றுக்குக் கம்பி வலை போட்டுப் பூட்டிவிட்டேன். அம்மா கேட்கச் சொன்னது: நன்றாகக் கொதிக்க வைத்தால் போகாதா? வீட்டில் ஆர்.ஓ. மெஷினும் இருக்கிறது. லேப் எப்படி உகந்தது என்று எழுதிக் கொடுத்தது என்பதும் புரியவில்லை.

#6 பிப்பெட்

லேப் தப்பு செய்யவில்லை. நீங்கள் கொடுத்தது வழக்கமான குடிநீர்ப் பரிசோதனைக்கு. அந்தப் பட்டியலில் உப்பு, கடினத்தன்மை, இரும்பு, நைட்ரேட், கிருமி எல்லாம் உண்டு. பென்சீன் கிடையாது. தேடாத பொருள் ரிப்போர்ட்டில் எப்படி வரும்? நீங்கள் கேட்க வேண்டியது பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கும் சேர்ந்த பரிசோதனை. பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து பி.டி.இ.எக்ஸ். என்பார்கள். கூடவே மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன். கலந்திருக்கும் ரசாயனங்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராப் கருவி உள்ள, லேப்களுக்கான தேசிய அங்கீகாரமான என்.ஏ.பி.எல். பெற்ற லேப்பாகப் பாருங்கள். அந்த அங்கீகாரம் இந்தப் பரிசோதனைக்கும் சேர்த்துத்தானா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

சாம்பிள் எடுப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து பஸ்ஸில் கொண்டுபோனால் வேண்டியதெல்லாம் ஆவியாகிப் போயிருக்கும், மிச்சத்தை பிளாஸ்டிக் உறிஞ்சியிருக்கும். லேப்பிலேயே 40 மில்லி கண்ணாடிக் குப்பி தருவார்கள், மூடிக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கும். அதில் தண்ணீரைச் சலசலக்காமல், சுவர் ஓரமாக வழியவிட்டு, விளிம்புக்கு மேல் தண்ணீர் குவிந்து நிற்கும்வரை நிரப்பி மூட வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழி ஓடினாலும் கொட்டிவிட்டு மறுபடி பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். தொட்டியிலிருந்து பிடிக்கக் கூடாது, கிணற்றுத் தண்ணீராக இருக்க வேண்டும்.

கொதிக்க வைத்தால் பென்சீன் தண்ணீரிலிருந்து கிளம்பும், உண்மை. போகிற இடம் உங்கள் சமையலறை. அம்மா அதைத்தான் சுவாசிப்பார். சுடுதண்ணீர்க் குளியலும் அப்படியே. ஆர்.ஓ. சவ்வை இதற்கு நம்ப முடியாது. கரித்தூள் ஃபில்டர் பிடிக்கும், ஆனால் எப்போது நிறைந்து வழியத் தொடங்கியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

அளவைச் சொல்கிறேன், அப்போதுதான் ஏன் இவ்வளவு பயப்படுகிறோம் என்று புரியும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் பென்சீன் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அமெரிக்க வரம்பு 5. நம் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி, எடையில் 9 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அது முழுதும் கரைந்தால் சுமார் 9 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த 10 மைக்ரோகிராம் வரம்புக்குக் கொண்டுபோகும். ஒரே ஒரு லிட்டர் பெட்ரோல்! பென்சீன் ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் மருத்துவ உலகில் சந்தேகமே இல்லை. வரம்பைவிடப் பல மடங்கு இருந்தாலும் மூக்குக்கு எட்டாது. வாசம் இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், குழந்தை இருக்கிற வீட்டில் கண்டிப்பாக வேண்டாம்.

#7 காவிரிக்கரை

குடிக்க வேண்டாம் என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பக்கம் மட்டும் பேசுகிறோமோ என்று தோன்றுகிறது. மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்கள் பெட்ரோலைத் தின்னும். கலிபோர்னியாவில் 1995ல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடம் நூற்றுக்கணக்கான கசிவு இடங்களைப் பார்த்துவிட்டு, பென்சீன் பெரும்பாலும் 250 அடிக்குள்ளேயே நின்றுவிடுகிறது, தானாகவே குறைகிறது என்று அறிக்கை கொடுத்தது. அதன்பிறகு பல இடங்களில் தோண்டாமல், கண்காணித்தபடி விட்டுவிட்டார்கள். பங்க்கை நடத்துகிறவரும் நம் ஊர்க்காரர்தான். ஆதாரம் முழுதாக வருவதற்குள் அவர் பிழைப்பில் கை வைக்க வேண்டாமே.

#8 பாறைநீர்

அந்த அறிக்கை உண்மை. ஆனால் அதில் மூன்று விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

250 அடி என்பது 76 மீட்டர். மேட்டுத்தோட்டத்தின் கிணறு 40 மீட்டரில் இருக்கிறது. அந்த அறிக்கையின்படியே இவர் உள்ளே வருகிறார்.

அடுத்தது பாறை. அந்த ஆய்வின் பெரும்பகுதி மணலும் களிமண்ணுமான நிலம். அங்கே தண்ணீர் துளைகளுக்குள் மெதுவாக ஊர்ந்து போகும், பாக்டீரியாவுக்குத் தின்ன நேரம் கிடைக்கும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை. வெடிப்பு எங்கே போகிறதோ தண்ணீர் அங்கே போகும். பங்க்கை ஒட்டிய கிணறு சுத்தமாகவும் அதற்கு மூன்றாவது தோட்டத்துக் கிணறு நாறியும் இருக்கலாம். இவர் படலம் ஒரே ஒரு வெடிப்புக்கு நேராகத்தான் வருகிறது என்றாரே, அந்த ஒரு வரி எனக்கு நிறையச் சொல்கிறது.

மூன்றாவது எத்தனால். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பாக்டீரியாவுக்கு எத்தனால் பிடித்த சாப்பாடு, அதைத்தான் முதலில் தின்னும். தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் அதிலேயே தீர்த்துவிடும். பென்சீனுக்கு வரும்போது ஆக்சிஜன் மிச்சமிருக்காது. அதனால் பென்சீன் முன்பைவிடத் தூரம் போகும்.

"தானாகக் குறையும்" என்பதற்கு எத்தனை காலம் ஆகும் என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்ற ஊருக்குப் பக்கத்தில் 1979 ஆகஸ்டில் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்து சுமார் 17 லட்சம் லிட்டர் கொட்டியது. முடிந்ததை அள்ளிவிட்டு, மிச்சத்தை இயற்கை எப்படிக் கையாளுகிறது என்று அமெரிக்கப் புவியியல் துறை அந்த இடத்தையே ஆய்வுக்களமாக வைத்திருக்கிறது. பாக்டீரியா தின்கிறது, உண்மை. ஆனால் நாற்பது வருடம் தாண்டியும் எண்ணெய் அங்கே நீர்மட்டத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது.

கசிவு நின்ற பிறகுதான் தானாகக் குறைவதைப் பற்றிப் பேசவே முடியும். இங்கே கசிவு நின்றதா என்று யாருக்கும் தெரியாது.

#9 கொல்லிமலைக்காரன்

கலிபோர்னியா என்றதும் சான்டா மோனிகாவும் சேர்த்துச் சொல்லுங்கள். பெட்ரோல் நன்றாக எரிவதற்காகக் கலந்த எம்.டி.பி.இ. என்ற பொருள், கசிந்த டேங்க்குகள் வழியாக நிலத்தடி நீரில் இறங்கி, 1996ல் அந்த நகரம் தன் குடிநீரில் ஏறக்குறைய பாதியைத் தந்த கிணறுகளை மூட வேண்டி வந்தது. அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த 2010 முடிந்துவிட்டது. அந்தப் பொருள் பென்சீன் போல 250 அடியில் நிற்கவில்லை.

#10 பசிபிக்

இந்த இழையில் அமெரிக்காவின் ஹவாயில் உள்ள ரெட் ஹில் எரிபொருள் கிடங்கைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். "தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று பொறுப்பில் இருப்பவர்கள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஹவாயில் ஒஅஹு தீவில், பேர்ல் ஹார்பருக்கு மேலே ஒரு குன்றைக் குடைந்து அமெரிக்கக் கடற்படை 20 டேங்க்குகள் கட்டியது. 1940ல் தொடங்கி 1943ல் முடித்தார்கள். ஒவ்வொன்றும் 250 அடி உயரம், 100 அடி அகலம், 1.25 கோடி கேலன் பிடிக்கும். எல்லாம் மண்ணுக்குள். அவற்றின் அடியிலிருந்து வெறும் 100 அடி கீழே ஹொனலூலுவுக்குக் குடிநீர் தரும் நிலத்தடி நீர். 2014ல் ஒரு டேங்க்கிலிருந்து சுமார் 27,000 கேலன் விமான எரிபொருள் கசிந்தது. மூடுங்கள் என்று ஹொனலூலு குடிநீர் வாரியமும் உள்ளூர்ச் சூழல் அமைப்புகளும் அப்போதிருந்தே கேட்டார்கள். டேங்க்குகள் பாதுகாப்பாக இருக்கின்றன என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது.

2021 மே 6 அன்று எரிபொருளை மாற்றும்போது வால்வுகளை இயக்கிய வரிசை தவறி, அழுத்தம் எகிறிக் குழாய் மூட்டு விட்டது. சுமார் 20,000 கேலன் எரிபொருள், தீயணைப்பு அமைப்பின் கழிவுக் குழாய்க்குள் போய்விட்டது. சுரங்கத்தின் மேற்கூரையில் தொங்கும் பிளாஸ்டிக் குழாய் அது. கணக்கில் அவ்வளவு குறைகிறதே, எங்கே போனது என்று யாரும் விடாமல் தேடவில்லை. டிப்ராடு சொன்ன வேரியேஷன் கதையின் மிகப் பெரிய வடிவம் இதுதான். ஆறு மாதம் அந்தக் குழாய் எரிபொருளின் பாரத்தில் தொய்ந்து தொங்கியது. நவம்பர் 20 அன்று சுரங்கத்துக்குள் ஓடும் சின்ன ரயில் வண்டி, தாழ்ந்து தொங்கிய வால்வில் மோதியது. எரிபொருள் கொட்டிக் குடிநீர்க் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் குடிநீர் அமைப்பை நம்பியிருந்தவர்கள் சுமார் 93,000 பேர், பெரும்பாலும் கடற்படை, விமானப்படைக் குடும்பங்கள்.

குழாயைத் திறந்தால் எரிபொருள் வாசம், குழந்தைகளுக்கு வாந்தி, தோலில் தடிப்பு என்று நவம்பர் கடைசியில் புகார்கள் குவிந்தன. அப்போது தளத்தின் தலைமை அதிகாரி குடும்பங்களுக்கு எழுதிய செய்தியில், தண்ணீரில் பிரச்சினைக்கு உடனடி அறிகுறி இல்லை, நானும் என் அலுவலர்களும் அதைத்தான் குடிக்கிறோம் என்றார். சில நாட்களிலேயே எரிபொருள் கலந்தது உறுதியானது. குடும்பங்களை ஓட்டல்களுக்கு மாற்றினார்கள். ஹொனலூலு குடிநீர் வாரியம், மாசு தங்கள் பக்கம் இழுத்து வரப்படக் கூடாது என்று தன் பெரிய ஹலாவா கிணற்றை நிறுத்திவிட்டது. பாறைநீர் #3ல் "இறைக்காதீர்கள்" என்று சொன்ன அதே காரணம்.

2022 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சர் அந்த இடத்தை நிரந்தரமாக மூட உத்தரவிட்டார். 10 கோடி கேலனுக்கு மேல் இருந்த எரிபொருளை வெளியே எடுக்கும் வேலை 2024 மார்ச்சில்தான் முடிந்தது. 2025 மே மாதம் நீதிமன்றம் முதற்கட்டமாக 17 பேருக்குச் சேர்த்து சுமார் 6.8 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. அமெரிக்கக் கடற்படையின் கையில் எல்லாக் கருவியும் இருந்தும், வீட்டுக் குழாயைத் திறந்த தாய்மார்களின் மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது. மேட்டுத்தோட்டம், சித்திரையில் உங்கள் வீட்டார் முகர்ந்ததை யாரும் பொய் என்று சொல்ல விடாதீர்கள்.

#11 வலிகாமம்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற மழைத் தண்ணீர்தான் கிணறு, கிணறுதான் எல்லாம். சுன்னாகத்தில் மின் நிலையத்து எண்ணெய் நிலத்துக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. நிலத்தடி டேங்க் இல்லை, கழிவு எண்ணெய். ஆனால் கிணற்றடியில் நிற்கிற ஆளுக்கு இரண்டும் ஒன்றுதான். சுண்ணாம்புக் கல்லிலும் வெடிப்பும் குகையும்தான் வழி, ஒரு கிணறு நாறும், அடுத்த வளவுக் கிணறு நல்லாயிருக்கும். குடிக்கிற தண்ணீர் பவுசரில் (தண்ணீர் லாரியில்) வந்தது.

எங்களை அதிகம் அலைக்கழித்தது பரிசோதனைதான். ஒரு அறிக்கை எண்ணெய் இருக்குது என்றது, வேறொன்று ஆபத்தான பொருள் இல்லை என்றது. சனம் எதை நம்புவது? எந்தக் கிணறு, எந்த மாதம், எந்தப் பொருளைத் தேடினார்கள் என்று பார்க்காமல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாதாடிக்கொண்டிருந்தோம். வழக்கு கொழும்பு உயர் நீதிமன்றம் (இலங்கையின் உச்ச நீதிமன்றம்) வரை போய், 2019 ஏப்ரலில் நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஆகவே தம்பி, நீர் இப்பவே எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதி வையும். படலத்தைப் படம் எடுத்தீரா?

#12 மேட்டுத்தோட்டம்

எடுத்தேன் அண்ணா. சித்திரையில் போனில் எடுத்த படங்களும், தங்கை எடுத்த ஒரு வீடியோவும் இருக்கின்றன. தேதி அதிலேயே இருக்கிறது. இதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? பங்க்காரரைப் பகைத்துக்கொள்ளவும் மனம் இல்லை, அவர் மகனும் நானும் ஒன்றாகப் படித்தோம்.

#13 நீதிமன்றத்தெரு

வழக்கறிஞர். சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் எழுத்து மூலமாக மூன்று இடம்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், மாவட்ட ஆட்சியர், அந்த எண்ணெய் நிறுவனத்தின் மண்டல அலுவலகம். ஆட்சியருக்குத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனு எண் போட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். பங்க்குக்குத் தடையில்லாச் சான்று தருவது ஆட்சியர் அலுவலகம், உரிமம் தருவது மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனமான பெசோ. மனுவின் நகலை அங்கும் அனுப்புங்கள். "பங்க்கை மூடு" என்று எழுதாதீர்கள். டேங்க்குக்கும் குழாய்களுக்கும் கசிவுச் சோதனை நடத்த வேண்டும், என் கிணற்றிலும் பங்க் வளாகத்திலும் வாரியம் சாம்பிள் எடுக்க வேண்டும், அதுவரை குடிநீர் தர வேண்டும் என்று மூன்றே கோரிக்கை. நட்பும் கெடாது.

2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், புதிய பங்க்குகள் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புப் பகுதியிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. இடமில்லாவிட்டால் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டர். உங்கள் பக்கத்துப் பங்க் பழையது, ஆகவே தூரத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடிப் பயனில்லை. கசிவைப் பிடியுங்கள்.

அசையவில்லை என்றால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. சுற்றுச்சூழல் பிரச்சினையைத் தீர்க்கக் கோரும் மனுவுக்கு ஆறு மாதம், இழப்பீட்டுக்கும் நிலத்தை மீட்டுத் தருவதற்கும் ஐந்து வருடம் காலவரம்பு. சித்திரையைத் தொடக்கமாக வைத்து எண்ணிக்கொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இங்கே புதிதல்ல. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் மீதான வேலூர் வழக்கில் 1996லேயே உச்ச நீதிமன்றம் அதை நம் சட்டத்தின் பகுதி என்று சொல்லிவிட்டது. 2013ல் சென்னை தண்டையார்பேட்டையில், டி.எச். ரோடு பக்கத்து வீடுகளின் போர்வெல் தண்ணீரில் எரிபொருள் கலந்த விவகாரமும் தீர்ப்பாயத்துக்கு வந்ததுதான். அங்கே கசிந்தது நிலத்தடிக் குழாய்.

#14 டிப்ராடு

மனுவில் இதையும் சேருங்கள்: பங்க்கின் டிப் ரிஜிஸ்டரையும் ஆட்டோமேஷன் பதிவையும் இரண்டு வருடத்துக்குச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் வேரியேஷனில் ஒன்றும் தெரியாது. சாதாரணமாக அது ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஒரே டேங்க்கில் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே இருந்தால் அது கசிவாக இருக்கலாம்.

இன்னொரு கேள்வி, மழைக்காலத்தில் அந்த டேங்க்கில் தண்ணீர் காட்டியதா? நீர்மட்டம் டேங்க்குக்கு மேல் ஏறினால், எண்ணெய் வெளியேறிய அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். ராடின் நுனியில் வாட்டர் பேஸ்ட் தடவி விட்டால், தண்ணீர் பட்ட இடத்தில் அதன் நிறம் மாறும். ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர் எத்தனாலோடு சேர்ந்துவிடும், பழைய பேஸ்ட்டில் தெரியாது, அதற்கென்று தனிப் பேஸ்ட் உண்டு. எதை வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

பங்க்காரரிடம் நேரில் பேசும்போது ஒன்றைச் சொல்லுங்கள். கசிகிற ஒவ்வொரு லிட்டரும் அவர் காசு. டேங்க்கும் குழாயும் பெரும்பாலும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, மாற்றுவதும் அவர்கள் பொறுப்பு. அந்த நிறுவனத்தின் சேல்ஸ் ஆபிசருக்கு அவரே எழுதிக் கசிவுச் சோதனை கேட்டால் அவருக்குத்தான் நல்லது.

#15 காவிரிக்கரை

டிப்ராடு சொன்னதுதான் சரியான வழி. டீலரே கேட்டால் ஊரில் சண்டை வராது. மேட்டுத்தோட்டம், கசிவு உறுதியானால் உங்கள் கிணற்றை எப்படிச் சுத்தம் செய்வார்கள் என்று பாறைநீர் சொன்னால் நன்றாக இருக்கும். அதற்குச் செலவு யார் தலையில் என்ற பேச்சு வரும்போது உதவும்.

#16 பாறைநீர்

முதல் வேலை கசிவை நிறுத்துவது: டேங்க்கைக் காலி செய்து, ஓட்டைக் குழாயை மாற்றுவது. அடுத்தது பங்க் வளாகத்துக்குள்ளும் உங்கள் கிணறு வரையிலும் கண்காணிப்புக் குழிகள் போட்டு எண்ணெய் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கலாம். நீர்மட்டத்துக்கு மேலே உள்ள மண்ணிலிருந்து ஆவியைக் குழாய் வைத்து உறிஞ்சலாம். கரைந்த தண்ணீரை எடுத்துக் கரிப்படுகை வழியாக விட்டுச் சுத்திகரிக்கலாம். மணல் பூமியில் இதெல்லாம் ஓரளவு கணக்குப்படி நடக்கும். பாறை வெடிப்பில் வருடக்கணக்கில் ஆகும், சில இடங்களில் முழுதாக எடுக்கவே முடியாது. ஆகவே உங்கள் வீட்டுக்குக் குழாய்க் குடிநீர் இணைப்பு கேட்பதை மனுவில் தற்காலிகமாக என்று எழுத வேண்டாம்.

அமெரிக்கா 1984ல் நிலத்தடி டேங்க்குகளுக்கென்று சட்டம் போட்டது. 1988ல் விதிகள் வந்தன. துருப்பிடிக்கும் பழைய இரும்பு டேங்க்குகளை மேம்படுத்த அல்லது தோண்டி எடுக்க 1998 டிசம்பர் 22 வரை அவகாசம் கொடுத்தது. அப்படித் தேடியதில் இதுவரை கண்டுபிடித்த கசிவு இடங்கள் 5 லட்சத்துக்கும் மேல். அங்கே பெட்ரோல் விற்பனையில் ஒரு கேலனுக்கு 0.1 சென்ட் தனியாக எடுத்து, பொறுப்பானவர் கிடைக்காத இடங்களைச் சுத்தம் செய்ய நிதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரிலும் அப்படி ஒரு நிதி வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிவருகிறேன். மூடிப் போன பழைய பங்க் இடங்களில் கல்யாண மண்டபமும் வீடும் கட்டுகிறார்கள், அடியில் டேங்க்கை எடுத்தார்களா, மண்ணைச் சோதித்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

#17 மேட்டுத்தோட்டம்

பங்க்காரரிடம் பேசினேன். ரிஜிஸ்டரைக் காட்ட மறுக்கவில்லை. ஒரு டிஸ்பென்சருக்குப் போகும் குழாயைக் கொஞ்ச காலம் முன்பு பேட்ச் போட்டதாக அவரே சொன்னார். சேல்ஸ் ஆபிசருக்குக் கடிதம் எழுதிவிட்டார். மனுவும் திங்கட்கிழமை கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. கண்ணாடிக் குப்பியில் சாம்பிளும் போயிருக்கிறது. குமிழி இல்லாமல் பிடிக்கத்தான் சிரமப்பட்டோம்.

பாறைநீர் சார், இப்போது தண்ணீர் மேலே இருப்பதால் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் என்ன செய்வது?

#18 பாறைநீர்

வரலாம். அதனால்தான் ஒரு ரிப்போர்ட்டோடு நிறுத்தக் கூடாது. கிணற்று மேட்டில் ஒரு கல்லைக் குறியாக வைத்து, அங்கிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று வாரம் ஒருமுறை வெளியிலிருந்தே கயிறு விட்டு அளந்து எழுதுங்கள். தை மாதம் ஒரு சாம்பிள், பங்குனியில் ஒன்று, சித்திரையில் படலம் வந்த அதே மட்டத்துக்கு இறங்கியதும் ஒன்று. கிழக்கு மூலை வெடிப்புக்கு நேராகக் குப்பியைக் கட்டி இறக்கிப் பிடியுங்கள், மேல் தண்ணீரை மட்டும் மொள்ள வேண்டாம். வாரியத்தார் சாம்பிள் எடுக்க வரும்போதும் அந்த வெடிப்பைக் காட்டி அங்கேதான் எடுக்கச் சொல்லுங்கள். பேட்ச் போட்ட குழாய் எந்த டிஸ்பென்சருக்குப் போகிறது, பெட்ரோலா டீசலா, அது உங்கள் கிணற்றுக்கு எந்தத் திசை என்று ஒரு தாளில் வரைந்து இங்கே போடுங்கள். முதல் ரிப்போர்ட் வந்ததும் எண்களையும் அன்றைய நீர்மட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். அதுவரை கேன் தண்ணீர்தான், குழந்தையைக் குளிப்பாட்டவும்.